வேலையை ஊரிலிருந்தே முடியுங்கள், வீட்டை இங்கு வந்து பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29. பி.காம். முடித்துவிட்டு ஜவுளி நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாகக் கணக்கு பார்க்கிறார். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். மொரிசியஸில் கணக்கர்களுக்கு நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கி வேலை தேடிக்கொள்ளலாம், அங்கே எங்கே பார்த்தாலும் தமிழர்கள்தான் என்று ஓர் ஏஜென்ட் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறாராம். போகலாமா, போனால் எங்கே தங்குவது, குடும்பத்தை எப்போது கூட்டிக்கொள்வது என்பது அவர் கேள்வி.

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் திருப்பூர்க்காரி. 2013-இல் இங்கே மொரிசியஸில் ஒரு பின்னலாடை ஆலைக்கு க்யூ.சி., அதாவது தரம் பார்க்கும் வேலைக்கு வந்தேன். நாலு வருடம் ஹாஸ்டலில் இருந்தேன். ஊருக்குத் திரும்பி, வேறொரு நிறுவனம் வழியாக மறுபடி வந்தேன். அதற்கப்புறம்தான் கணவரையும் பையனையும் அழைத்துக்கொண்டேன். ஆக, இந்த ஊரில் குடியேறுவதைத் தப்பாக ஒரு முறையும் சரியாக ஒரு முறையும் செய்து பார்த்தவள். முதல் முறை வேலை விஷயத்தை ஏஜென்டிடம் விட்டுவிட்டு, தங்குமிடம் தயாராக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் கிளம்பி வந்தேன். இரண்டாம் முறை வேலைக்கான தாள்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே விமானம் ஏறினேன். வீட்டை மட்டும் இங்கே வந்து தெருத்தெருவாக நடந்து பிடித்தேன். உங்களுக்கும் அந்த வரிசையைத்தான் சொல்வேன்.

டூரிஸ்டாக வருவது சுலபம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. ப்ளேசான்ஸ் விமான நிலையத்தில் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் தங்கும் இடத்தையும் செலவுக்குப் பணத்தையும் காட்டினால் முத்திரை குத்திவிடுவார்கள். சும்மா கிடைக்கும் அந்த முத்திரையைத்தான் உங்கள் ஏஜென்ட் ஒன்றரை லட்சத்துக்கு விற்கிறார். அதை வைத்துக்கொண்டு இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. செய்து பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் முறையாக விண்ணப்பித்தாலும் அந்தப் பழைய கதை கூடவே வரும். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அப்படித்தான் வந்தான். "வந்து இறங்கியதும் கம்பெனி விசா மாற்றிக் கொடுக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதம் கட்டடம் கட்டும் இடத்தில் சிமென்ட் சுமந்தான். கூலி கேட்டபோது, பேப்பர் இல்லாதவன் யாரிடம் போய்ச் சொல்வாய் என்று மேஸ்திரி சிரித்தாராம். டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து அவனை ஏற்றிவிட்டோம். வீட்டில் அவன் அம்மா தோடு இன்னமும் அடகில்தான் இருக்கிறது.

முறையான வழி இரண்டு. ஒன்று, வேலை அனுமதி. ஆலை, கட்டடம், பேக்கரி மாதிரி இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது இதுதான். தொழில் அமைச்சகத்துக்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடுகிறவர் தானாகப் போட முடியாது. அனுமதி அந்த முதலாளியோடு ஒட்டியது. நாளைக்குப் பக்கத்து ஆலையில் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தாவ முடியாது. நான் நாலு வருடம் ஒரே இடத்தில் இருந்ததற்குக் காரணம் விசுவாசம் இல்லை, இதுதான். இந்த அனுமதியில் பொதுவாகக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது.

இன்னொன்று ஆக்குபேஷன் பர்மிட். வேலை செய்யவும் வசிக்கவும் சேர்த்து ஒரே அனுமதி. மாதச் சம்பளம் அரசு வைத்திருக்கும் ஒரு தொகைக்கு மேல் இருக்க வேண்டும். அந்தத் தொகையைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நான் ஒரு எண்ணைச் சொல்லி நீங்கள் அதை நம்பி உட்கார வேண்டாம். எக்கனாமிக் டெவலப்மென்ட் போர்டின் இணையதளத்தில் அன்றைய நிலவரம் இருக்கும். இந்தப் பர்மிட்டில் மனைவியும் குழந்தையும் உங்களைச் சார்ந்தவர்களாக வந்து இருக்கலாம். கணக்கர் வேலைக்கு நீங்கள் குறிவைக்க வேண்டியது இதைத்தான். சம்பளம் பேசும்போது, "இந்தத் தொகைக்கு ஆக்குபேஷன் பர்மிட் போடுவீர்களா, சாதா வேலை அனுமதியா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் குடும்ப வாழ்க்கையே அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்தே இந்தியக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்களுக்குப் பிரீமியம் விசா என்று ஒன்று 2020 கடைசியில் கொண்டு வந்தார்கள். சம்பளம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இங்கே யாரிடமும் வேலைக்குச் சேரக் கூடாது. உங்களுக்கு அது உதவாது.

சரி, வேலை எங்கே இருக்கிறது? சின்னத் தீவுகளையும் சேர்த்து நாடு மொத்தமே 2,040 சதுர கிலோமீட்டர். நம் ஈரோடு மாவட்டமே இதைவிடப் பெரிது. ஜனத்தொகை ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம். கணக்கு, நிதி வேலைகள் தலைநகர் போர்ட் லூயியிலும், மேட்டில் இருக்கும் எபேன் சைபர் சிட்டியிலும் குவிந்து கிடக்கின்றன. வெளிநாட்டு முதலீடுகளைக் கையாளும் நிர்வாக நிறுவனங்கள் நிறைய. அவர்கள் ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டிஷ் கணக்கர் படிப்பு படித்தவர்களைத் தேடுவார்கள், இங்குள்ள பிள்ளைகளே பெரும்பாலும் அதைத்தான் படிக்கிறார்கள். வெறும் பி.காம். உடன் அங்கே மோதுவதைவிட, உங்களுக்கு ஏழு வருட ஜவுளி அனுபவம் இருக்கிறதே, அதை வைத்து இங்குள்ள ஜவுளி, ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குப் பிரிவைத் தட்டுங்கள். நூல் விலை, சாயப்பட்டறை பில், ஷிப்மென்ட், ஏற்றுமதிப் பணத்துக்கு வங்கி உறுதி தரும் எல்.சி. எல்லாம் தெரிந்த கணக்கர் அவர்களுக்குத் தேவை. திருப்பூர், ஈரோடு என்றால் அந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மைஜாப் என்ற உள்ளூர் வேலை இணையதளமும் லிங்க்ட்இன்னும் போதும். நேர்காணல் வீடியோவிலேயே நடக்கும். அதற்கு முன் இங்குள்ள கணக்கைக் கொஞ்சம் படித்துவிட்டு உட்காருங்கள். ஜி.எஸ்.டி. இல்லை, வாட் 15 சதவீதம். வரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. சம்பளத்தில் மாதா மாதம் வரி பிடிப்பதைப் 'பே' என்பார்கள். பழைய ஓய்வூதிய நிதிக்குப் பதிலாக 2020 செப்டம்பரிலிருந்து சி.எஸ்.ஜி. என்ற பிடித்தம் வந்திருக்கிறது. டாலி மட்டும் தெரிந்தால் காணாது, சேஜ் மென்பொருளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலை ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதனால் பயப்படாதீர்கள். ஆனால் மெயிலில் திடீரென்று பிரெஞ்சில் நாலு வரி வந்து விழும். மூன்று மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்விட்டு விண்ணப்பத்தில் அதை ஒரு வரியாகப் போடுங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு ஆகும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். என் ஒப்பந்தத்தில் "தங்குமிடம் உண்டு" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா, வாடகை மிச்சம் என்று கையெழுத்துப் போட்டேன். வந்து பார்த்தால் எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில், மேல் கட்டில் எனக்கு. தலைக்கு ஒரு முழம் மேலே தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது காதில் விழாது. முப்பது பெண்களுக்கு மூன்று குழாய். காலை ஆறரை ஷிப்டுக்கு நாலு மணிக்கே வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்போம். "எத்தனை பேருக்கு ஓர் அறை, சாப்பாடு யார் செலவு, விமான டிக்கெட் போக வரவா, ஒரு வழியா?" என்று ஊரிலிருந்தே கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். கேட்டதற்காக யாருக்கும் வேலை போய் நான் பார்த்ததில்லை.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2019-ஆம் வருடத்துத் தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரம் 45 மணி நேர வேலை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. டிசம்பரில் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வரும், இது முதலாளியின் தயவு அல்ல, கட்டாயம். குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜனவரியில் மாதம் 16,500 மொரிசியஸ் ரூபாய் ஆனது. அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். தகராறு வந்தால் தொழில் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, போய்ச் சொல்லலாம்.

ஒரு மொரிசியஸ் ரூபாய் நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வந்த புதிதில் எல்லாரும் சம்பளத்தை இரண்டால் பெருக்கிச் சந்தோஷப்படுவோம், தக்காளி விலையை இரண்டால் பெருக்கி அழுவோம். சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலும் கப்பலில் வருவது. மழை அதிகமாகி உள்ளூர்க் காய்கறி அழுகிவிட்டால் விலை ஒரே வாரத்தில் எங்கேயோ போய்விடும். முதல் மூன்று மாதம் ஊருக்கு அனுப்பும் தொகையைக் குறைவாகவே சொல்லி வையுங்கள். முதல் மாதமே பெரிசாக அனுப்பிவிட்டால் அப்புறம் குறைக்கவே முடியாது. வீட்டில் அதற்குள் சீட்டுக் கட்டியிருப்பார்கள்.

பயணத்தைப் பற்றி. கோவையில் ஏறி மும்பையில் மாறினீர்களானால் மும்பையில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் கடலுக்கு மேலேதான். இறங்கும்போது கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னால் தள்ளுங்கள். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில், தலைநகர் வடமேற்கில்; வழி நெடுகக் கரும்புதான். டாக்ஸியில் ஏறும் முன் பேரம் பேசி முடித்துவிடுங்கள், மீட்டர் ஓடாது. கறிவேப்பிலை, விதை, செடி எதையும் பெட்டியில் சொருகி வராதீர்கள், சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை எல்லாவற்றுக்கும் டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். இந்த விஷயத்தில் இங்கே ரொம்பக் கண்டிப்பு.

வந்த முதல் வாரம் வீட்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அலுத்துப்போய் வந்திருப்போம், கதவு சாத்தும் எந்த அறையும் அரண்மனையாகத்தான் தெரியும். ஒரு மாதத்துக்கு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு நிதானமாகத் தேடுங்கள். உங்களுக்கு வேலை எபேனிலோ போர்ட் லூயியிலோ கிடைத்தால், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், போ பாசேன் மூன்றில் ஒன்றைப் பாருங்கள். மெட்ரோ ரயில் 2020-இல் போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே ஓட ஆரம்பித்து, 2022-இல் க்யூர்பீப் வரை போய்விட்டது. ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் பக்கம் ஒரு கிளையும் உண்டு. ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பஸ்ஸை நம்பினால் சாயங்காலத்துக்கு மேல் சிரமம். ஏழு, எட்டு மணிக்கெல்லாம் பல ஊர்களில் பஸ் அடங்கிவிடும்.

வாடகை குறைவு என்று யாராவது க்யூர்பீப்புக்கு இழுப்பார்கள். அந்த ஊருக்கு இரண்டே பருவம், சின்ன மழைக்காலம், பெரிய மழைக்காலம் என்று இங்குள்ளவர்களே கேலி செய்வார்கள். ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது, சுவரில் பூஞ்சை ஏறும், துணி மூன்று நாளைக்குக் காயாது. ஈரோட்டு வெயிலில் வளர்ந்த குழந்தைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். போர்ட் லூயி நேர்மாறு, ஜனவரியில் வேர்த்துக் கொட்டும். நடுவில் இருக்கும் ஊர்கள்தான் நமக்குத் தோது.

வீடு தேடுவதில் என் கதை ஒன்று. வந்த புதிதில் கேட்டுக்குக் கேட்டு "ஆ லுவே" என்று பலகை தொங்குவதைப் பார்த்து, ஒரு குடும்பத்துக்கு இத்தனை வீடா, பெரிய பண்ணையார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பிரெஞ்சில் 'வாடகைக்கு விடப்படும்' என்று அர்த்தமாம். அந்தப் பலகையைப் பார்த்தால் தயங்காமல் மணியை அடியுங்கள். பெரும்பாலும் கீழே வீட்டுக்காரர், மேலே வாடகை, அதற்கும் மேலே மொட்டை மாடியில் மகனுக்கு எழுப்பப்போகும் மாடிக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். நம் ஊர் மாதிரியேதான். 1960-இல் கரோல் புயல் அடித்து மர வீடு, தகர வீடெல்லாம் பறந்த பிறகு இங்கே எல்லாரும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். தகரக் கூரை போட்ட மலிவு வீட்டை எடுக்காதீர்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர். அக்டோபர், நவம்பரில் வறட்சி வந்தால் குழாயில் சில மணி நேரம்தான் வரும். மேலே டாங்க் இருக்கிறதா, அது உங்களுக்கும் சேர்த்தா, கீழ்வீட்டுக்கு மட்டுமா என்று ஏறிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது கேள்வி, மின்சார பில் யார் பேரில்.

அந்த இரண்டாவது கேள்விக்குக் காரணம் வங்கி. கணக்குத் தொடங்கப் போனால் முகவரிச் சான்றாக மின்சாரம் அல்லது தண்ணீர் பில் கேட்பார்கள். பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கும். வீட்டுக்காரரோ வங்கி வழியாக வாடகை அனுப்பச் சொல்வார். செக்குமாடு மாதிரி இதிலேயே நான் மூன்று வாரம் சுற்றினேன். வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் பில் நகலும், நிறுவனத்திடம் ஒரு கடிதமும் சேர்த்துக் கொண்டுபோனதும் திறந்தது. வீடு பேசும்போதே அந்தக் கடிதத்தையும் பேசி வாங்கிவிடுங்கள்.

இப்போது ஏஜென்டின் கடைசி வாக்கியம்: எங்கே பார்த்தாலும் தமிழர்கள். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பெயரைக் கேட்டாலும் அப்படித்தான்: பிள்ளை, வீராசாமி, ராம்சாமி, முத்து. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர். நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் அச்சடித்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த பஸ் எங்கே போகுது?" என்று கேட்டீர்களானால் அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் பாஷையான கிரெயோலில் பதில் சொல்வார். வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பேசுவது கிரெயோல்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1730-களில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அத்தனை தலைமுறைக்கு அப்புறம் பாஷை நழுவிப்போனதில் அதிசயம் என்ன இருக்கிறது?

நம்மூரிலிருந்து வருகிறவர்கள் சிலர் இங்கேதான் தப்புப் பண்ணுவார்கள். "தமிழ் தெரியாத தமிழரா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குப் பத்து வருடமானாலும் உள்ளூரில் ஒரு வீட்டு விருந்துக்கு அழைப்பு வராது. எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அம்மா தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். 'தோடுடைய செவியன்' அவர் வாயில் கொஞ்சம் பிரெஞ்சாகத்தான் வரும். ஆனால் காவடிக்குப் பத்து நாள் விரதத்தில் அவர் இருக்கும் கட்டுப்பாட்டில் பாதி எனக்கு வராது. தன் கொள்ளுப்பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார், எத்தனை வயதில் வந்தார் என்று மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணத்தில் தேடி எடுத்து, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். எனக்கு என் கொள்ளுப்பாட்டி பேரே தெரியாது.

கிரெயோல் கற்பது கஷ்டமில்லை. வந்த இரண்டாம் நாள் போர்ட் லூயியில் டால்பூரி, அதாவது பருப்புப் பூரி விற்கும் வண்டிக்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் கையில் பூரியைத் தூக்கிக்கொண்டு "என் பேர்?" என்றார். ஆகா, தமிழர் என்று சந்தோஷப்பட்டு என் பேரைச் சொன்னேன். அவர் முழித்தார். மறுபடி "என் பேர்?" என்றார். நானும் மறுபடி சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற பெண் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: ஒரு ஜோடி வேண்டுமா என்று கேட்கிறாராம். டால்பூரியை இங்கே ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒரு ஜோடிக்குக் கிரெயோலில் அதுதான் பேர். இன்றைக்கும் அந்த வண்டிக்காரர் என்னைப் பார்த்தால் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

காய்கறிச் சந்தைக்குப் போங்கள், பாதி கிரெயோல் அங்கே இலவசம். கொத்தமல்லிக்குக் 'கொத்தோமிலி', கறிவேப்பிலைக்குக் 'கரிப்புலே', முருங்கைக்கீரைக்கு 'ப்ரேட் முரும்', சட்னிக்குச் 'சத்தினி', ரசத்துக்கு 'ரசோன்'. மசால் வடையின் தங்கச்சி மாதிரி ஒன்றைக் 'காத்தோ பிமான்' என்று ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அப்புறம் ஐந்தாறு வாக்கியம் போதும். "கொம்யே?" என்றால் எவ்வளவு. "மோ பே ரோட் லக்காஸ் பூ லுவே" என்றால் வாடகைக்கு வீடு தேடுகிறேன். "மோ பா கொன்ப்ரான்" என்றால் புரியவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு சொன்னால், எதிரே இருப்பவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும், ஆனால் டீ நேரத்தில் எல்லாரும் கிரெயோலில்தான் பேசிச் சிரிப்பார்கள். அங்கே ஊமையாக உட்கார்ந்திருந்தால் வேலை தங்கினாலும் மனசு தங்காது. என் முதல் நாலு வருடம் அப்படித்தான் போயிற்று. தமிழ்ப் பெண்களோடே வேலை, தமிழ்ப் பெண்களோடே அறை. வெளியே வந்து பார்த்தபோது விலை கேட்கக்கூடத் தெரியவில்லை.

வேறு வேலை கிடைத்ததும்கூட உள்ளூர்ப் பழக்கத்தால்தான். காத்ர் போர்னில் கோர் த கார்து மலையடிவாரத்து முருகன் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை வாழையிலை துடைக்கும் இடத்தில் அறிமுகமான ஓர் அம்மா, தன் மருமகன் வேலை செய்யும் இடத்தில் க்யூ.சி. மேலாளர் தேடுகிறார்கள் என்றார். கோயிலுக்குச் சாமி கும்பிடப் போங்கள், அப்படியே பரிமாறவும் நில்லுங்கள். ஏழு கறியோடு இலை போடுவார்கள், 'செத் காரி' என்பார்கள். கரண்டி பிடித்து நின்ற புது ஆளை யாரும் மறக்க மாட்டார்கள்.

புயலைப் பற்றிச் சுருக்கமாக: நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நாலு வரை ஏறும். மூன்று அறிவித்துவிட்டால் பஸ் நிற்கும், வேலை நிற்கும், வெளியே தலை காட்டக் கூடாது. ஒன்று என்று வானொலியில் சொன்னதுமே மெழுகுவர்த்தி, ரொட்டி, குடிதண்ணீர் வாங்கிவிடுங்கள். இரண்டு ஆன பிறகு கடையில் ரொட்டி இருக்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் சமயம் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்தன. பள்ளத்தில் வீடு எடுக்காதீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடும்பத்தை எப்போது? ஆக்குபேஷன் பர்மிட் கையில் வந்து, சோதனைக் காலம் முடிந்து, வீடு பிடித்து, கணக்குத் திறந்த பிறகு. ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு அது நீண்ட காலமாகத் தெரியும், புரிகிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தையோடு ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு வீடு தேடுவது அதைவிடக் கொடுமை. இங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கும், ஐந்து வயதில் முதல் வகுப்பு. அதனால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழும் விருப்பப் பாடமாக உண்டு. உங்கள் பெண் அங்கே தமிழ் வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்குவாள், வீட்டுக்கு வந்து உங்களோடு கிரெயோலில் பேசுவாள். என் பையன் அப்படித்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஏஜென்டுக்கு 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பட்டச் சான்று மூன்றையும் எடுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கும் அவற்றில் இருக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். என் மாமனார் பேரில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததற்கு இரண்டு மாதம் இழுத்தது. சான்றுகள் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். போலீஸ் சான்றும் எடுத்து வையுங்கள், ஆனால் அதைக் கிளம்பும் சமயத்துக்குப் பக்கத்தில் எடுங்கள், பழசானால் மறுபடி கேட்பார்கள். இங்கே சுவரில் மூன்று சதுரக் குத்து உள்ள பிரிட்டிஷ் பிளக், அதற்கு அடாப்டர் இரண்டு. கிரைண்டர் வேண்டாம், கனம். இட்லித் தட்டு மட்டும் போதும். கறிவேப்பிலை என் வீட்டு வாசலில் மரமாகவே நிற்கிறது. வந்ததும் சொல்லுங்கள், ஒடித்துத் தருகிறேன்.